முட்டிச் சில்லின் மீதே அரை எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. என்ன இது?

தண்டையார்பேட்டை டைல்ஸ் | செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். பெயரைப் பார்த்தாலே தெரியும், டைல்ஸ் போடுகிற வேலை, 19 வருடமாக. வயது 43. சுகர் இல்லை, பிரஷர் இல்லை, பீடி மட்டும் உண்டு, அதற்கு இங்கே யாரும் திட்ட வேண்டாம், வீட்டிலேயே போதுமான அளவு கிடைக்கிறது.

விஷயம் இதுதான். இரண்டு மாதமாக வலது முட்டியில், சில்லின் மீதே, தோலுக்கு அடியில் ஒரு வீக்கம். முதலில் கொசு கடித்த தடிப்பு மாதிரி இருந்தது, நானும் கண்டுகொள்ளவில்லை. இப்போது அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி நிற்கிறது. அமுக்கினால் தண்ணீர் பாக்கெட் போலத் தளும்புகிறது. நடக்கிறேன், மாடி ஏறுகிறேன், சைக்கிள் மிதிக்கிறேன், வலி இல்லை. முட்டி போட்டால்தான் உயிர் போகிறது. என் வேலையே முட்டி போட்டுத்தான். குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் தோல் இழுத்துப் பிடிக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் 3 நாளைக்கு மாத்திரை வாங்கினேன், வலி போனது, வீக்கம் போகவில்லை. அப்புறம் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர். கூட வேலை செய்கிற மேஸ்திரி, "தேய்மானம்டா, இனிமே அவ்ளோதான்" என்கிறார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மூத்தவள் பன்னிரண்டாவது படிக்கிறாள்.

என் சம்சாரத்திடம் காட்டினால், "எனக்கும்தான் லேசா இருக்கு, நான் என்ன ஊரைக் கூட்டினேனா" என்கிறாள். யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? வேலையை விடாமல் சரியாகுமா?


கொடுங்கையூர் கில்லி | செவ்வாய், இரவு 11.05

தேய்மானம்தான் தல. எங்கள் அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, கடைசியில் முட்டி மாற்று ஆபரேஷன் வரை போனது. சீக்கிரம் பெரிய டாக்டராகப் பாருங்கள்.


வண்ணாரப்பேட்டை பிசியோ | புதன், காலை 6.15

கில்லி, மனுஷன் ஏற்கெனவே தூங்கவில்லை என்கிறார், நீங்கள் வேறு ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டீர்கள்.

அண்ணே, நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியது எல்லாமே ஒரே பக்கம் கை காட்டுகிறது. டைல்ஸ் வேலை, வீக்கம் சில்லின் மீதே இருப்பது, தளும்புவது, நடந்தால் வலிக்காமல் முட்டி போட்டால் மட்டும் வலிப்பது. இதற்குப் பர்சைட்டிஸ் என்று பெயர். தேய்மானம் மூட்டுக்குள் நடக்கிற விஷயம். இது மூட்டுக்கு வெளியே, தோலுக்கு அடியிலேயே முடிந்துபோகிற விஷயம்.

தோல் எலும்பின் மேல் உரசுகிற இடங்களிலும், தசைநாண் எலும்பைத் தேய்த்துக்கொண்டு போகிற இடங்களிலும் உடம்பு சின்னச் சின்னப் பைகளை வைத்திருக்கிறது. பர்சா என்பார்கள். உடம்பு முழுக்க 100க்கும் மேல் உண்டு, முட்டியைச் சுற்றி மட்டுமே பத்துக்கு மேல். சாதாரணமாக அந்தப் பை காற்றுப்போன பலூன் மாதிரி தட்டையாகக் கிடக்கும், உள்ளே வழவழப்புக்குக் கொஞ்சம் நீர், அவ்வளவுதான். முட்டியை மடக்கி நீட்டும்போது சில்லின் மீது தோல் வழுக்கிக்கொண்டு போகிறதே, அது இந்தப் பையின் தயவு. அதைச் சில்லுக்கும் தரைக்கும் நடுவில் வைத்து நாள் முழுக்க நசுக்கினால் உள்சவ்வு புண்பட்டு நீரை அதிகமாகச் சுரக்கிறது. நீர் சேர்ந்து பை உப்புகிறது. உப்பிய பை முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதால் மறுநாள் முட்டி போடும்போது தரையில் முதலில் படுவதும் அதுதான். மறுபடி நசுங்கும், மறுபடி சுரக்கும். நீங்கள் இரண்டு மாதமாக இந்தச் சுற்றில்தான் இருக்கிறீர்கள்.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்றால், எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், இந்தப் பையைக் காட்டாது. தேவைப்பட்டால் ஸ்கேனில் பார்க்கலாம், பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலை நீட்டித் தளர்வாக வைத்தால் சில்லுக்கு இரண்டு பக்கமும் லேசான குழி இருக்கும். மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் அந்தக் குழிகள் மறைந்துவிடும், சில்லுக்கு மேலே தொடைப் பக்கமும் உப்பியிருக்கும், காலை மடக்கவே சிரமமாக இருக்கும். பர்சைட்டிஸில் குழிகள் அப்படியே இருக்கும், வீக்கம் சில்லின் முன்னால் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும். இது ஒரு யூகத்துக்குத்தான், டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கு இல்லை.


தண்டையார்பேட்டை டைல்ஸ் | புதன், மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சைட்டிலேயே லுங்கியைத் தூக்கிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் குழி இருக்கிறது. சித்தாள் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஒரு சந்தேகம். இரண்டு காலையும்தான் ஊன்றுகிறேன், வலது மட்டும் ஏன்?


எண்ணூர் மட்டக்கோல் | புதன், மாலை 7.50

இதை நான் சொல்கிறேன், நானும் அதே வேலை. நாம் இரண்டு முட்டியும் சமமாக ஊன்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரப்பர் சுத்தியால் தட்டும்போதும், எட்டி ரசமட்டம் வைக்கும்போதும் யாராவது வீடியோ எடுத்தால் தெரியும், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து இடது கால் பாதி தூக்கிய மாதிரி இருக்கும், மொத்தப் பாரமும் ஒரே சில்லில். எனக்கு 2016ல் இடது முட்டியில் வந்தது. எனக்குச் சாய்கிற பழக்கம் இடது பக்கம்.


புழல் ஏரிக்கரை | புதன், இரவு 9.10

இதற்கெல்லாம் எதற்கு ஊசி ஸ்கேன். நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி, இரவில் நன்றாக அழுத்தி நீவிவிட்டு, எருக்கிலை வைத்துக் கட்டுங்கள். நீர் தானாகக் கலைந்துவிடும். எங்கள் பாட்டி வைத்தியம். அந்தக் காலத்தில் எல்லோரும் தரையில்தான் எல்லா வேலையும் செய்தார்கள், யாருக்கு இதெல்லாம் வந்தது?


வண்ணாரப்பேட்டை பிசியோ | புதன், இரவு 9.45

அந்தக் காலத்திலும் வந்தது, பெயர்தான் தெரியவில்லை.

எண்ணெய் தடவுவதில் எனக்குச் சண்டை இல்லை, "அழுத்தி நீவி" என்கிற இடத்தில்தான் சண்டை. நசுங்கியதால் வீங்கிய பையை மறுபடி கட்டைவிரலால் நசுக்குவானேன்? புதிதாக வீங்கிச் சூடாக இருக்கும்போது சூட்டு ஒத்தடமும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வைத்தால் போதும். ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். கிரேப் பேண்டேஜ் லேசான இறுக்கத்தில் சுற்றலாம், விரல் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். படுக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு. அல்சர், கிட்னி, பிரஷர் பிரச்சினை இருப்பவர்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.


காசிமேடு கடல்காற்று | புதன், இரவு 10.30

டைல்ஸ் அண்ணே, என்ன செய்தாலும் செய்யுங்கள், நீங்களாக ஊசி குத்தி எடுக்காதீர்கள். என் மச்சான் கதையைச் சொல்கிறேன்.

அவன் ஃபைபர் போட்டுக்கு, அதாவது படகுக்கு, ரிப்பேர் பார்ப்பவன். போட்டுக்குள்ளே முட்டி போட்டு உப்புக்காகிதம் தேய்ப்பது, மேட் ஒட்டுவது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே நிலை. இதே மாதிரி வீங்கியது. அவன் பெரிய அறிவாளி, மெடிக்கலில் சிரிஞ்சு வாங்கி வந்து, போட்டு மேலேயே உட்கார்ந்து தானே உறிஞ்சினான். நீர் வந்தது, வீக்கம் அமுங்கியது, அன்று சாயங்காலம் எல்லோரிடமும் காட்டிப் பெருமை வேறு. மூன்றாம் நாள் முட்டி முழுக்கச் சிவந்து, தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. இரவு குளிர் ஜுரம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் சுகர் பார்த்தார்கள், 320. அவனுக்குச் சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். கீறிச் சீழ் எடுத்து, ஊசி மருந்து ஏற்றி, 9 நாள் படுக்கை. அந்த இடத்துத் தோல் இன்றைக்கும் சுருங்கித்தான் இருக்கிறது.


வண்ணாரப்பேட்டை பிசியோ | வியாழன், காலை 6.05

கடல்காற்று எழுதியதைத் தயவுசெய்து எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். இந்தப் பை தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. முட்டி போடுகிறவர்களுக்குத் தோலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு, ஒரு வெடிப்பு இருக்கும். தோலில் சும்மா குடியிருக்கிற ஸ்டெஃபிலோகாக்கஸ் என்கிற கிருமி அந்த வழியாக உள்ளே இறங்கினால் பைக்குள் சீழ் பிடிக்கும். சுகர் இருப்பவர்களுக்கு, அதிகம் குடிப்பவர்களுக்கு, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம்.

வீக்கம் ஒன்றிரண்டு நாளில் வேகமாகப் பெரிதாகிறது, சிவக்கிறது, மற்ற முட்டியைவிடச் சூடாக இருக்கிறது, லேசாகத் தொட்டாலே வலிக்கிறது, அல்லது ஜுரம் வருகிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஜுரம் இல்லையே என்றும் சும்மா இருக்காதீர்கள், ஜுரம் வராமலும் சீழ் பிடிக்கும். அப்போது நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். நன்றாக ஆகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, கால் கட்டைவிரல் எப்போதாவது ராத்திரியில் திடீரென்று வீங்கிச் சிவந்து வலித்ததுண்டா அண்ணே? யூரிக் ஆசிட் கூடினாலும் இந்தப் பை வீங்கும், அதனால் கேட்கிறேன்.


எண்ணூர் மட்டக்கோல் | வியாழன், காலை 8.30

சிராய்ப்பு என்றதும் ஞாபகம் வந்தது. நம் ஆட்கள் ஈரக் கலவையிலேயே முட்டி போடுகிறோம். சிமெண்ட் தண்ணீர் பேண்டில் ஊறி, அதோடு சாயங்காலம் வரை இருக்கிறோம். ஈர சிமெண்ட் சுண்ணாம்பு மாதிரித் தோலை அரிக்கும், செய்யும்போது எரிச்சல்கூடத் தெரியாது, இரவு குளிக்கும்போது பார்த்தால் முட்டியில் தோல் வெந்து போயிருக்கும். அந்தப் புண்ணோடு மறுநாளும் முட்டி போட்டால் பிசியோ சொல்கிற கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. ஒரு மாற்று பேண்ட் எடுத்துப் போங்கள், நனைந்தால் மாற்றுங்கள், முட்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.


ராயபுரம் ரோஸ் | வியாழன், மதியம் 3.15

எனக்கு இதே வந்தது, ஆனால் சில்லின் மீது இல்லை, சில்லுக்குக் கீழே. இரண்டு வருடம் முன்னால் வேளாங்கண்ணியில் நேர்ச்சைக்காக மணல் பாதையில் முட்டியாலேயே போனேன். திரும்பி வந்து வீக்கம் தெரிந்ததும் அதனால்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், மாமியார் மட்டும் சொல்லவில்லை, அவருக்கு அது மாதாவின் சோதனை. யோசித்துப் பார்த்தால் அது ஒரு நாள் கதை, தோல் உரிந்து ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. தினமும் காலையில் கோயிலில் வெறும் மரப்பலகை மீது முக்கால் மணி நேரம் முட்டி போடுவதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். பல வருடப் பழக்கம் அது.

சின்னத் தலையணை கொண்டுபோக வெட்கப்பட்டேன். ஃபாதரே பார்த்துவிட்டு, "உட்கார்ந்து ஜெபிங்கம்மா, ஆண்டவர் அட்டென்டன்ஸ் எடுக்கறதில்ல" என்றார். இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்துவிட்டது, வேறு வைத்தியம் எதுவும் செய்யவில்லை.

எனக்கு ஏன் கீழே வந்தது பிசியோ?


வண்ணாரப்பேட்டை பிசியோ | வியாழன், இரவு 8.40

நல்ல கேள்வி அக்கா. நிமிர்ந்து முட்டி போட்டால் பாரம் சில்லுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் மேடு இருக்கிறதே, அங்கே விழும். முன்னால் குனிந்து, கையை ஊன்றித் தரையில் வேலை செய்தால் பாரம் சில்லின் மீதே ஏறும். அதனால்தான் ஜெபம் செய்கிறவர்களுக்குக் கீழ்ப் பையும், தரை துடைக்கிறவர்களுக்கும் டைல்ஸ் போடுகிறவர்களுக்கும் மேல் பையும் வீங்கும். ஆங்கிலத்திலும் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், கீழே வந்தால் பாதிரியார் முட்டி, மேலே வந்தால் வேலைக்காரி முட்டி.


மண்ணடி வாசி | வியாழன், இரவு 9.20

வாப்பாவுக்கு 71 வயது, ஐந்து வேளைத் தொழுகை. போன வருடம் முட்டியில் இப்படி நீர் கோத்தபோது நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள் என்றோம். உடம்புக்கு முடியாதவர்களுக்கு அதற்கு அனுமதி உண்டு என்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கடைசியில் தொழுகை விரிப்புக்கு அடியில் கெட்டியான ஃபோம் ஷீட் போட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் நாற்காலி, இப்போது ஃபோம், பிரச்சினை இல்லை.


மிண்ட் தாத்தா | வெள்ளி, காலை 10.00

ஓய்வு பெற்றவன், படிப்பதற்கு நேரம் நிறைய. இந்த நோய்க்குப் பெரிய வரலாறு உண்டு. பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் நிமிர முடியாத அளவு தாழ்வான பாதைகளில் முட்டி போட்டபடியே கரியை வாரியவர்களுக்கு இது கூட்டம் கூட்டமாக வந்தது. 'பீட் நீ' (ஆங்கிலத்தில் நீ என்றால் முட்டி) என்று பெயர் வைத்து, நிவாரணம் உள்ள தொழில்நோய்ப் பட்டியலிலேயே அங்கே சேர்த்துவிட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1700லேயே ராமசினி என்கிற இத்தாலிய மருத்துவர் தொழிலால் வருகிற நோய்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு "என்ன வேலை செய்கிறாய்" என்பதையும் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். டைல்ஸ் தம்பி, எக்ஸ்ரே எடுத்த டாக்டர் உங்களிடம் அதைக் கேட்டாரா?


தண்டையார்பேட்டை டைல்ஸ் | வெள்ளி, இரவு 9.30

கேட்கவில்லை ஐயா. வயது கேட்டார், சுகர் கேட்டார், 300 ரூபாய் வாங்கினார்.

பிசியோ, கட்டைவிரல் எப்போதும் வீங்கியதில்லை. திங்கட்கிழமை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.


தண்டையார்பேட்டை டைல்ஸ் | அடுத்த செவ்வாய், இரவு 8.15

போய் வந்தேன். காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி எலும்புப் பிரிவில் உட்கார்ந்தேன், கூட்டம் உங்களுக்கே தெரியும். சின்ன வயது டாக்டர்தான். முட்டியைத் தொட்டதுமே, "டைல்ஸா, பிளம்பிங்கா?" என்று கேட்டார். மிண்ட் தாத்தா, உங்களை நினைத்துக்கொண்டேன்.

நன்றாகச் சுத்தம் செய்து ஊசி போட்டு எடுத்தார். 20 மில்லிக்கு மேல் வந்தது, லேசான மஞ்சளாக, கொஞ்சம் ரத்தம் கலந்து. சீழ் மாதிரி தெரியவில்லை, இருந்தாலும் சோதனைக்கு அனுப்புகிறோம் என்றார். கட்டுப் போட்டுவிட்டார். மாத்திரை 5 நாளைக்கு. மூன்று வாரம் முட்டி போடக் கூடாதாம்.

மூன்று வாரம் என்றால் எனக்கு நாளுக்கு 1,200 ரூபாய், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் மேல் கோபம் இல்லை, நல்ல மனுஷன். ஆனால் மருந்துச் சீட்டில் எழுதுகிற எதுவும் இதைவிட விலை அதிகம் இல்லை.


கொடுங்கையூர் கில்லி | அடுத்த செவ்வாய், இரவு 8.50

காலை விட முக்கியமா அண்ணே காசு? மூன்று வாரம் சும்மா படுங்கள்.


எண்ணூர் மட்டக்கோல் | அடுத்த செவ்வாய், இரவு 9.25

கில்லி, மாதச் சம்பளக்காரர் போலிருக்கிறது.

அண்ணே, முட்டி போடக் கூடாது என்றுதானே சொன்னார், வேலை செய்யக் கூடாது என்று சொல்லவில்லையே. மூன்று வாரத்துக்குச் சுவர் டைல்ஸ் வேலை கேட்டு வாங்குங்கள், நின்றுகொண்டும் ஸ்டூலில் உட்கார்ந்தும் செய்யலாம், கீழ் வரிசையை மட்டும் பையனிடம் விட்டுவிடுங்கள். கட்டிங் முழுக்க நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் தரையில் வைத்து வெட்டாமல் மேசை மாதிரி பலகை போட்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு. காண்ட்ராக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் வேறு ஆளைப் பார்ப்பார். "தரை வேலை மட்டும் மூன்று வாரம் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள், அது வேறு பேச்சு.

அப்புறம் நீ பேட், முட்டியில் மாட்டிக்கொள்கிற மெத்தை. நான் நாலு வகை வாங்கி மூன்றைத் தூக்கி எறிந்தவன். பாரிமுனைப் பக்கம் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். மேலே வழவழப்பான பிளாஸ்டிக் ஓடு உள்ளது டைல்ஸ் மேல் வழுக்கும், புதிதாக வைத்த டைல்ஸை நகர்த்தியும் விடும். தட்டையான முகம், உள்ளே கெட்டி ஃபோம் அல்லது ஜெல், பட்டை அகலமாக இருக்கிற வகை நல்லது. பட்டை குறுகலாக இருந்தால் முட்டிக்குப் பின்னால் அறுத்துவிடும், இந்த ஊர் வெயிலில் வியர்த்து அரிப்பெடுத்து அரை மணியில் கழற்றி எறிந்துவிடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். பேட் பிடிக்காவிட்டால் ஒன்றரை அடிக்கு ஒரு அடி கெட்டி ரப்பர் மேட் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு நகர்த்தி நகர்த்தி உட்காருங்கள். நான் இரண்டும் செய்கிறேன். கோணியை மடித்துப் போடுவது உதவாது, பத்து நிமிடத்தில் அமுங்கிவிடும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பேட் போட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். பேட் பாரத்தைப் பரப்பும், இல்லாமல் செய்யாது.


தண்டையார்பேட்டை டைல்ஸ் | 3 வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.00

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 10 நாள் ஒழுங்காக இருந்தேன். வீக்கம் கிட்டத்தட்ட இல்லை. சோதனையிலும் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. அப்போது வியாசர்பாடியில் ஒரு பாத்ரூம் வேலை, தெரிந்தவர் வீடு, இரண்டு நாள்தானே என்று போனேன், பேட் இல்லாமல். மூன்றாம் நாள் காலையில் எலுமிச்சம்பழம் திரும்பி வந்துவிட்டது.

மறுபடி நீர் எடுக்க வேண்டுமா? பக்கத்தில் ஒருவர், ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் ஒரேயடியாக வற்றிவிடும் என்கிறார். இன்னொருவர் பையையே வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்.


வண்ணாரப்பேட்டை பிசியோ | ஞாயிறு, மாலை 6.30

திரும்பி வந்ததில் ஆச்சரியம் இல்லை அண்ணே. பைக்குள் இருக்கிற நீரை எடுத்தாலும் சுரக்கிற சவ்வு அங்கேதான் இருக்கிறது, அது அடங்க வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாள் பாத்ரூம் வேலை அதை மறுபடி உசுப்பிவிட்டது.

ஸ்டீராய்டு ஊசி உண்டு, சில டாக்டர்கள் போடுவார்கள், ஆனால் கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான். கிருமி இருக்கும்போது போட்டால் எரிகிற நெருப்பில் மண்ணெண்ணெய். அந்த இடத்தில் தோல் மெலியவும் வாய்ப்பு உண்டு, அதே தோலை வைத்துத்தானே மறுபடி முட்டி போடப் போகிறீர்கள். பையை வெட்டி எடுப்பது கடைசி வழி. மாதக்கணக்கில் எதற்கும் அடங்காதவர்களுக்கும், திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறவர்களுக்கும் செய்வார்கள். உங்களுடையது அந்த நிலையில் இல்லை. சிவப்பு, சூடு இல்லையென்றால் மறுபடி ஊசி போடுவதற்கு அவசரப்படாமல் ஐஸ், கட்டு, முட்டி போடாமல் இருப்பது, இதை முதலில் இருந்து தொடங்குங்கள். எடுக்கத்தான் வேண்டுமா என்பதை அதே டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கூடவே ஒரு பயிற்சி. மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடியே ஒரு அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். ஓய்வில் தொடைத் தசை இளைத்துவிடாமல் இருக்கத்தான். வலித்தால் நிறுத்துங்கள்.


ராயபுரம் ரோஸ் | ஞாயிறு, இரவு 7.45

நான் முதல் பதிவை மறுபடி படித்தேன். டைல்ஸ் அண்ணன் சம்சாரம் "எனக்கும்தான் லேசா இருக்கு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறார். இத்தனை பேர் இத்தனை நாள் எழுதியிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான், ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அண்ணே, அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?


தண்டையார்பேட்டை டைல்ஸ் | ஞாயிறு, இரவு 10.10

மூன்று வீட்டில் வேலை. பாத்திரம், துணி, தரை துடைப்பது. இப்போதுதான் காட்டச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு முட்டியிலும் இருக்கிறது, இடதில் கொஞ்சம் அதிகம். தோல் என்னுடையதைவிடக் கறுத்துத் தடித்திருக்கிறது. எவ்வளவு நாளாக என்று கேட்டால், "சின்னவன் பொறந்ததுலேர்ந்து" என்கிறாள். சின்னவனுக்கு 9 வயது.

அவளே எழுதுகிறேன் என்று போனைப் பிடுங்குகிறாள்.


தண்டையார்பேட்டை டைல்ஸ் | ஞாயிறு, இரவு 10.35

வணக்கம், அவர் போனில் இருந்து எழுதுகிறேன். பெரியவளைத் தட்டச் சொல்லி நான் சொல்கிறேன்.

ரோஸ் அக்கா, கேட்டதற்கு நன்றி. எனக்கு வலி அதிகம் இல்லை, ஜுரம் இல்லை, சிவப்பு இல்லை. குச்சி மாப் வைத்துத் துடைக்கலாம் என்று எனக்கும் தெரியும். இரண்டு வீட்டில் மாப் இருக்கிறது. மூன்றாவது வீட்டில் அந்த அம்மாவுக்கு மாப் போட்டால் மூலையில் அழுக்கு போகாதாம், கையால் துணி வைத்துத் துடைத்தால்தான் திருப்தி. இரண்டு பெட்ரூம், ஹால், பால்கனி. அந்தத் தரையில் இருக்கிற டைல்ஸ் எங்கள் வீட்டுக்காரர் போட்டதுதான், அந்த வேலை மூலமாகத்தான் எனக்கு அந்த வீடு கிடைத்தது.

நீ பேட் எண்ணூர் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு ஜோடி வாங்கி வந்திருக்கிறார். இன்று நான் மாட்டிப் பார்த்தேன், புடவைக்கு மேல் நிற்கவில்லை, உள்ளே மாட்டினால் நடக்கும்போது இறங்குகிறது. நைட்டிக்குள் மாட்டினால் நிற்கிறது. ரப்பர் மேட் ஒரு அடி வெட்டி எடுத்துக்கொண்டேன், நாளைக்கு அந்த வீட்டுக்குக் கொண்டு போகிறேன். என்ன இது என்று கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்டான்லியில் அந்தச் சின்ன டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று இவருக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை மாலை ஒரு வீட்டில் ஊருக்குப் போகிறார்கள், அதனால் வெள்ளி காலை எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும். சீட்டு வாங்க எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும்?


காசிமேடு கடல்காற்று | ஞாயிறு, இரவு 10.50

7 மணிக்கு முன்னால் வரிசையில் நில்லுங்கள் அண்ணி. வெள்ளிக்கிழமை என் மச்சானும் சுகர் மாத்திரை வாங்க அங்கேதான் வருவான், இடம் பிடித்து வைக்கச் சொல்கிறேன்.